திரும்பப் பெறப்பட்ட சின்னம்: டோக்கியோ 2020 லோகோ விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

ஒலிம்பிக் சின்னம் வெளியாகும் அன்றே அதைக் கிண்டல் செய்வது உலக வழக்கம். லண்டன் 2012 சின்னம் 2007 ஜூன் 4 அன்று வெளியானபோது, அதைத் திரும்பப் பெறச் சொல்லி இணையத்தில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அறிமுகக் காணொளியில் வெளிச்சம் சிமிட்டுவதால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று புகார் வந்து ஒரு பகுதியை நீக்க வேண்டியதாயிற்று. 2011இல் ஈரான், 2012 என்ற எண்ணை உடைத்து அமைத்த அந்த வடிவத்தில் யூதர்களின் தாயகத்தைக் குறிக்கும் 'சயான்' (Zion) என்ற சொல் தெரிகிறது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியிடம் முறையிட்டது. இத்தனைக்குப் பிறகும் லண்டன் குழு அசையவில்லை. போட்டி முடியும்வரை அதே சின்னம்தான்.

டோக்கியோவின் கதை வேறு மாதிரி. 2015 ஜூலை 24 அன்று வெளியான சின்னம் செப்டம்பர் 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. 40 நாள்கூடத் தாங்கவில்லை. லண்டன் சின்னத்தைவிட அது அசிங்கமாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. பார்த்த வரையில் நேர்த்தியான வேலைதான். பிறகு ஏன் விழுந்தது? இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய போட்டிகளுக்கு லோகோ செய்பவர்கள், செய்யச் சொல்பவர்கள், தேர்ந்தெடுப்பவர்கள் என மூன்று தரப்புக்கும் இதில் பாடம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் அன்றைய செய்திகளில் ஏராளமாக வந்துவிட்டன. இங்கே அவை தேவையில்லை. அவரவர் பொறுப்பைச் சொன்னால் போதும்.

பின்னணி

2013 செப்டம்பர் 7 அன்று ப்யூனஸ் அயர்ஸில் நடந்த கூட்டத்தில் 2020 போட்டி டோக்கியோவுக்குக் கிடைத்தது. விண்ணப்பக் கட்டத்தில் டோக்கியோ பயன்படுத்திய லோகோ, செர்ரி மலர்களால் ஆன வண்ண வளையம். ஒரு கலைக் கல்லூரி மாணவி வரைந்தது. மக்களுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் விண்ணப்ப லோகோவையே போட்டிக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. புதிதாக ஒன்று வேண்டும்.

புதிதாகச் செய்பவரின் தலைமேல் ஏற்கெனவே ஒரு சுமை இருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக யூசாகு கமெகுரா வரைந்த சின்னம்: மேலே பெரிய சிவப்பு வட்டம், கீழே தங்க நிறத்தில் ஐந்து வளையங்கள், அதன் கீழ் 'டோக்கியோ 1964' என்ற எழுத்து. அவ்வளவுதான். கொடியில் இருக்கும் சூரியனும் அதுவே, உதிக்கும் சூரியனும் அதுவே. விளக்கவுரை எதுவும் தேவைப்படாத சின்னம். ஜப்பானில் வரைகலை படிக்கும் எவரும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இதற்கு மேல் ஒலிம்பிக் சாசனத்தின் விதிகள். சின்னத்தில் ஐந்து வளையங்கள் முழுமையாக, மாற்றப்படாமல் இருக்க வேண்டும். சின்னத்தின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவை இடம்பிடிக்கக் கூடாது. மீதி இடத்தில் வரும் தனித்த வடிவம் அந்தப் போட்டியை அடையாளம் காட்ட வேண்டும். பல நாடுகளில் டிரேட்மார்க்காகப் பதிவுசெய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் விளம்பரதாரர்கள் பணம் கொடுப்பதே அதைப் பயன்படுத்தும் உரிமைக்காகத்தான். சட்டையில் குத்தும் பின்னிலும் தெரிய வேண்டும், அரங்கத்தின் சுவரிலும் தெரிய வேண்டும். இத்தனை நிபந்தனையோடு உட்காரும் வடிவமைப்பாளர் வட்டம், சதுரம், கோடு என்று எளிய வடிவங்களுக்கு வந்து சேர்வது இயல்பு. எளிய வடிவம் என்றாலே உலகத்தில் எங்கோ ஒருவர் அதை ஏற்கெனவே வரைந்திருப்பார் என்பதும் இயல்புதான். பின்னால் நடந்ததற்கான விதை இங்கேயே இருக்கிறது.

முதல் தேர்வு

2014இல் அமைப்புக் குழு போட்டி அறிவித்தது. அனைவருக்குமான போட்டி அது இல்லை. குறிப்பிட்ட சில வடிவமைப்பு விருதுகளில் குறைந்தது இரண்டையாவது வாங்கியவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். 104 படைப்புகள் வந்தன. தேர்வாளர்கள் எட்டுப் பேர். தலைவர், 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக் சின்னத்தை வரைந்தவர். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தொழில் தெரிந்தவர்கள், தொழில் தெரிந்தவர்களின் வேலையைத் தேர்ந்தெடுப்பது. காகிதத்தில் இதில் தப்பில்லை. உலகளாவிய பயன்பாட்டுக்கான லோகோவை அனுபவசாலிகளிடம் கொடுப்பதுதான் பத்திரம் என்று குழு நினைத்தது நியாயமே. ஆனால் இந்த வட்டம் மிகவும் சிறியது. போட்டியாளர்களும் தேர்வாளர்களும் ஒரே துறையில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரிய வழியே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். தேர்வான வடிவத்தை அப்படியே வெளியிடவில்லை. டிரேட்மார்க் தேடலில் அதற்கு நெருக்கமான பதிவுகள் இருப்பது தெரிந்து வடிவமைப்பாளரைத் திருத்தச் சொன்னார்கள். இரண்டு முறை திருத்தம் நடந்தது. தேர்வாளர்கள் நவம்பரில் வாக்களித்த வடிவமும் மக்கள் ஜூலையில் பார்த்த வடிவமும் ஒன்றல்ல. இந்தத் தகவல் அப்போது வெளியே சொல்லப்படவில்லை.

வெளியான வடிவம்

2015 ஜூலை 24, அப்போது திட்டமிட்டிருந்த தொடக்க விழாவுக்குச் சரியாக ஐந்து ஆண்டு முன்பு, டோக்கியோ மாநகர அரசு கட்டடத்தின் முன்வெளியில் சின்னம் வெளியிடப்பட்டது. அதை நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் சர்ச்சை முழுவதும் இந்தத் துண்டுகளின் இடத்தைப் பற்றியதுதான்.

ஒரு சதுரத்தை மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடு வரிசையில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புத் தூண். இடது மேல் மூலையில் தங்க நிறத் துண்டு; அதன் இரண்டு பக்கம் நேர்கோடு, மூன்றாவது பக்கம் உள்நோக்கி வளைந்தது. வலது கீழ் மூலையில் அதே துண்டு தலைகீழாக, வெள்ளி நிறத்தில். வலது மேல் மூலையில் சிவப்பு வட்டம். தூணும் மேல் துண்டும் சேர்ந்து ஆங்கில எழுத்து 'டி'யை (T) உணர்த்துகின்றன. இரண்டு வளைவுகளையும் கண்ணாலேயே நீட்டினால், வரையப்படாத ஒரு பெரிய வட்டம் நடுவில் தோன்றும்.

குறியீட்டு விளக்கம் இப்படி வந்தது. 'டி' என்பது டோக்கியோ, நாளை, அணி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. எல்லா நிறமும் கலந்தால் கறுப்பு என்பதால் கறுப்புத் தூண் பன்மைத்துவம். தோன்றும் பெரிய வட்டம் அனைவரையும் ஏற்கும் உலகம். சிவப்பு வட்டம் ஒவ்வொருவரின் துடிக்கும் இதயம். பாராலிம்பிக் சின்னம் இதோடு இணையாகச் செய்யப்பட்டது. சமக்குறியைச் செங்குத்தாக நிறுத்திய வடிவம் அதில் இருந்தது.

வேலையாகப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமானது. சிவப்பு வட்டத்தை மூலையில் வைத்து 1964ஐ நினைவூட்டியது, பெரிய வட்டத்தை வரையாமலே காட்டியது இரண்டும் அழகு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 1964 சின்னத்தைப் பார்த்தாலே போதும், இதைப் பார்த்தால் போதாது. பன்மைத்துவமும் இதயமும் அறிக்கையில்தான் இருக்கின்றன, வடிவத்தில் இல்லை. கறுப்பைத் துக்கம் என்று ஒருவர் படித்தால் அதை மறுக்க வடிவத்தில் எதுவும் கிடையாது. சிலர் அப்படித்தான் படித்தார்கள்.

சூழலும் கைகொடுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பு, ஜூலை 17 அன்றுதான், செலவு எகிறியதால் புதிய தேசிய அரங்கத்தின் திட்டத்தை ஜப்பான் பிரதமர் ரத்துசெய்திருந்தார். ஒலிம்பிக் ஏற்பாடு என்றாலே மூடிய அறையில் யாரோ எதையோ முடிவு செய்கிறார்கள் என்ற எண்ணம் சூடாக இருந்த நேரம்.

எழுந்த கேள்வி

வெளியான சில நாளிலேயே பெல்ஜியத்திலிருந்து ஒரு வடிவமைப்பாளர் சமூக வலைத்தளத்தில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று டோக்கியோ சின்னம். மற்றது லியேஜ் நகர நாடக அரங்குக்காக அவர் முன்பே செய்த லோகோ. கறுப்பு வட்டத்துக்குள் வெள்ளை வடிவம்: நடுவில் தூண், இடது மேலே வளைந்த மூலைத் துண்டு, வலது கீழே வளைந்த மூலைத் துண்டு. 'டி'யும் 'எல்'லும் ஒன்றோடொன்று சேர்ந்தது.

வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. லியேஜ் லோகோவில் சிவப்பு வட்டம் கிடையாது, நிறங்கள் கிடையாது. அங்கே பெரிய வட்டம் நேரடியாகத் தெரிகிறது, இங்கே ஊகிக்க வேண்டும். அது இரண்டு எழுத்தின் கூட்டு, இது ஓர் எழுத்து. பயிற்சி பெற்ற கண் இவற்றைப் பார்க்கும். ஆனால் செல்போன் திரையில் கட்டைவிரல் அளவில் இரண்டையும் பார்ப்பவருக்குத் தூணும் இரண்டு மூலைகளும் மட்டுமே தெரியும். இரண்டிலும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோ சின்னத்தின் வடிவமைப்பாளர் செய்தியாளர்களைச் சந்தித்தார். லியேஜ் லோகோவைத் தான் பார்த்ததே இல்லை என்றார். டிடோ, பொடோனி போன்ற எழுத்துருக்களின் 'டி'யிலிருந்து தொடங்கியதாகச் சொன்னார். ஒன்பது கட்ட அமைப்பை வைத்து மற்ற ஆங்கில எழுத்துகளையும் எப்படி உருவாக்க முடியும் என்று காட்டினார். அமைப்புக் குழு தன் பங்குக்கு, உலகளவில் டிரேட்மார்க் தேடல் நடத்தியதையும், நாடக அரங்கின் லோகோ டிரேட்மார்க்காகப் பதிவாகவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. பெல்ஜியத் தரப்பு லியேஜ் நீதிமன்றத்தில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி மீது வழக்குத் தொடர்ந்தது.

குழுவின் பதில் சட்டப்படி பொருத்தமானதே. ஆனால் மக்கள் கேட்டது வேறு. 'இது பதிவான டிரேட்மார்க்கோடு மோதுகிறதா' என்று யாரும் கேட்கவில்லை. 'இவர் பார்த்துப் போட்டாரா' என்றுதான் கேட்டார்கள். முதல் கேள்விக்கு டிரேட்மார்க் பதிவேட்டில் பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு அந்த வடிவம் பிறந்த பாதையைக் காட்டினால்தான் பதில் கிடைக்கும். எழுத்துருவும் ஒன்பது கட்டமும் அந்தத் திசையில் எடுத்துவைத்த சரியான அடிதான். ஆனால் அந்த விளக்கம் முழுமையாக இல்லை. இரண்டு திருத்தங்கள் நடந்த கதை அதில் வரவில்லை.

கேள்வி சின்னத்திலிருந்து ஆளுக்கு மாறியது

ஆகஸ்ட் நடுவில் விவகாரம் திசை மாறியது. ஒரு பான நிறுவனத்தின் பரிசுத் திட்டத்துக்காக அதே வடிவமைப்பாளரின் அலுவலகம் 30 கைப்பைகளை வடிவமைத்திருந்தது. அவற்றில் 8 பைகளின் படங்கள் மற்றவர்களின் படைப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று இணையத்தில் ஆதாரத்தோடு காட்டினார்கள். அவர் அந்த எட்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அலுவலக ஊழியர்கள் பிறர் படைப்பின் மேல் வைத்து வரைந்ததை ஒப்புக்கொண்டு, பொறுப்பு தன்னுடையது என்று மன்னிப்பும் கேட்டார். ஒலிம்பிக் சின்னம் அப்படிச் செய்யப்பட்டதில்லை, அது தானே தனியாகச் செய்தது என்றும் சொன்னார்.

இதற்குப் பிறகு அந்த வேறுபாட்டைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. அவருடைய பழைய வேலைகள் ஒவ்வொன்றையும் எடுத்துப் படத் தேடலில் போட்டு ஒப்பிடுவது ஆயிரக்கணக்கானவர்களின் பொழுதுபோக்காகிவிட்டது. ஒத்துப்போனவையும் கிடைத்தன, இழுத்து ஒட்டவைத்தவையும் கிடைத்தன. குடும்பத்தினரின் படங்கள்கூடப் பரவின. இந்தக் கட்டத்தில் அமைப்புக் குழுவுக்கு இரண்டு வழிகள் இருந்தன: சின்னத்தை வடிவமைப்பாளரிடமிருந்து பிரித்து அதன் தனித்தன்மையை நிறுவுவது, அல்லது உடனே கைவிடுவது. குழு முதல் வழியில் போனது. விளம்பரதாரர்கள் ஏற்கெனவே சின்னத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், மாநகர அரசும் பிரசுரங்கள் அச்சடித்துவிட்டது. வழக்கு வேறு நடக்கிறது; பின்வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற தயக்கமும் இருந்திருக்கும். காரணங்கள் புரிகின்றன.

ஆகஸ்ட் 28: மூல வரைவு வெளியீடு

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்தது இந்த ஒரு நாளைப் பற்றித்தான். குழு செய்தியாளர்களைக் கூட்டி, போட்டியில் தேர்வான முதல் வடிவத்தைக் காட்டியது. அதில் 'டி' இன்னும் நேரடியாக இருந்தது. மூலைத் துண்டு முக்கோணமாக இருந்தது, வளைவு இல்லை. சிவப்பு வட்டம் வலது கீழே இருந்தது. இரண்டு திருத்தங்களின் வழியாகத்தான் வட்டம் மேலே போனது, மூலைகள் வளைந்தன, இப்போதுள்ள வடிவம் வந்தது.

வாதம் எளிமையானது: மூல வடிவத்துக்கும் லியேஜ் லோகோவுக்கும் சம்பந்தமே இல்லை, ஆகவே இது காப்பியில்லை. தர்க்கப்படி சரிதான். லியேஜ் லோகோவோடு ஒத்துப்போகும் அம்சங்களான வளைந்த மூலையும் வலது கீழ்த் துண்டும், வேறு டிரேட்மார்க்குகளோடு மோதாமல் இருக்கச் செய்த திருத்தத்தில்தான் உள்ளே வந்தன. ஒரு மோதலைத் தவிர்க்கப்போய் இன்னொன்றில் மாட்டிக்கொண்டார்கள். பதிவேட்டை மட்டும் பார்த்துத் திருத்தினால் பதிவாகாத உலகம் கண்ணில் படாது.

ஆனால் வரைவைக் காட்டியதும் இணையம் அதையும் தேடியது. 2013இல் டோக்கியோவின் கின்சா பகுதியில், எழுத்துருக் கலைஞர் யான் சிச்சோல்டின் படைப்புகளுக்காக நடந்த கண்காட்சியின் சுவரொட்டியில் 'டி'யும் வட்டமும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். லியேஜைப் பார்க்கவில்லை என்று நம்ப இடமிருந்தது. கின்சாவை எப்படிப் பார்க்காமல் இருந்திருக்க முடியும்?

அடுத்தது இன்னும் மோசம். சின்னம் பயன்பாட்டில் எப்படித் தெரியும் என்று காட்ட, விமான நிலையத்திலும் டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பிலும் சின்னம் தொங்குவது போன்ற படங்களை வடிவமைப்பாளர் தேர்வாளர்களுக்காகத் தயாரித்திருந்தார். குழு அவற்றையும் வெளியிட்டது. அந்தப் புகைப்படங்கள் தனிநபர்களின் இணையப் பக்கங்களிலிருந்து அனுமதி இல்லாமல் எடுத்தவை என்று தெரியவந்தது. அறைக்குள் காட்டும் மாதிரிக்கு இணையத்தில் கிடைத்த படத்தைப் பயன்படுத்துவது வடிவமைப்பு அலுவலகங்களில் சர்வசாதாரணம். யாரும் அதைப் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. ஆனால் அந்த மாதிரி பொதுவெளிக்கு வரும்போது உரிமை வாங்க வேண்டும். தன் நேர்மையை நிரூபிக்கக் கொண்டுவந்த ஆவணத்திலேயே உரிமையில்லாத படம் இருந்தது. குழு அதை வெளியிடுமுன் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

திரும்பப் பெறும் முடிவு

செப்டம்பர் 1 அன்று குழு, வடிவமைப்பாளர், தேர்வுக் குழுத் தலைவர் ஆகியோர் கூடிப் பேசினர். மாலையில் அறிவிப்பு வந்தது. புகைப்படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதை வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டார். சின்னம் காப்பி என்பதை அப்போதும் மறுத்தார். குடும்பத்தையும் ஊழியர்களையும் காப்பாற்ற விலகுவதாகச் சொன்னார். தேர்வுக் குழுத் தலைவரின் நிலைப்பாடு கவனிக்க வேண்டியது: வடிவமைப்பாளர்களுக்கு இரண்டும் வேறு என்று புரியும், பொதுமக்களை இனி ஏற்கவைக்க முடியாது என்பது அதன் சாரம். குழுவும் இதையே காரணமாகச் சொன்னது. காப்பி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. லியேஜ் வழக்கும் தீர்ப்பு வராமலே பின்னால் கைவிடப்பட்டது.

என் கணிப்பில் முடிவு சரி, ஆனால் தாமதம். லண்டன் குழு ஐந்து ஆண்டு பிடிவாதமாக நின்றதும் இவர்கள் விட்டுக்கொடுத்ததும் ஒரே அளவுகோலில் வைக்கக்கூடியவை அல்ல. லண்டன் மீதான புகார் ரசனையைப் பற்றியது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பவர் ஐந்து ஆண்டில் பழகிவிடுவார். 'இது திருடியது' என்று நினைப்பவர் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அதையே நினைப்பார். சந்தேகத்தோடு ஒரு சின்னத்தை விற்பது விளம்பரதாரர்களுக்கும் முடியாத காரியம்.

அந்த ஆண்டு டிசம்பரில் வெளி விசாரணைக் குழு முதல் போட்டியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. போட்டி அறிவிக்கப்படுமுன் எட்டு வடிவமைப்பாளர்களுக்குத் தனியாக அழைப்புப் போயிருந்தது. அவர்களில் முதல் சுற்றில் போதுமான வாக்கு பெறாதவர்களை மேலே தள்ளிவிடும் வேலையும் நடந்திருந்தது. இறுதி வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதில் அது மாற்றம் செய்யவில்லை என்று அறிக்கை சொன்னது. சரி, ஆனால் மூடிய அறையைப் பற்றி மக்கள் சந்தேகப்பட்டது வெறும் கற்பனை இல்லை என்றும் ஆயிற்று.

இரண்டாவது தேர்வு

புதிய தேர்வுக் குழுவுக்கு டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் தலைவர் தலைமை வகித்தார். வடிவமைப்பாளர்களோடு விளையாட்டு வீரர்கள் உட்படப் பல துறையினரும் இருந்தார்கள். விருது நிபந்தனை நீக்கப்பட்டது. ஜப்பானில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எவரும் அனுப்பலாம், வெளிநாட்டவரும் அனுப்பலாம், பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றால் குழந்தைகளும் ஒரு குழுவாகச் சேரலாம். நவம்பர் 24 முதல் டிசம்பர் 7 வரை இணையம் வழியாகப் பெற்றார்கள். வந்தவை 14,599. தேர்வுக் கூட்டங்களின் ஒரு பகுதியை நேரலையில் காட்டினார்கள். வென்றவருக்கு 10 லட்சம் யென்னும் தொடக்க விழாவுக்கு அழைப்பும்.

இதற்கும் எதிர்ப்பு இருந்தது. கூலியில்லாமல் ஆயிரக்கணக்கானவர்களை வேலை செய்யவைத்து ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுப்பது தொழிலுக்கு இழுக்கு என்று வடிவமைப்பாளர்கள் பலர் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் குழுவுக்கு அப்போது தேவைப்பட்டது நம்பிக்கை. அதற்கு இந்த விலையைக் கொடுக்க முடிவு செய்தார்கள்.

2016 ஏப்ரல் 8 அன்று இறுதி நான்கு வடிவங்களையும் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டார்கள். ஒன்று நீலக் கட்ட வளையம். மற்ற மூன்றும் பல வண்ணம்: இணையும் வட்டம், காற்றுக் கடவுளையும் இடிக் கடவுளையும் நினைவூட்டிய ஓடும் உருவம், காலைநேரப் பூ. ஒன்று மட்டும் ஒற்றை நிறத்தில் தனித்து நிற்கிறதே, இது ஏற்கெனவே முடிவானதோ என்று உடனே சந்தேகம் கிளம்பியது. பழைய காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. ஏப்ரல் 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்கு வாங்கி நீலக் கட்டம் வென்றது.

நீலக் கட்டத்தின் கணக்கு

முதல் பார்வையில் இது எந்தப் பெருமையும் காட்டாத வடிவம். எடோ காலத்திலிருந்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் புழங்கும் 'இச்சிமட்சு' கட்டம். 18ஆம் நூற்றாண்டில் கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர் சனோகவா இச்சிமட்சு மேடையில் உடுத்திய ஆடையால் பரவியது. நிறமும் அதே மரபின் அவுரி நீலம். துணியிலும் சுவரிலும் எல்லோரும் பார்த்துப் பழகியது. ஆகவே 'எங்கிருந்து எடுத்தாய்' என்ற கேள்விக்குப் பதில் வடிவத்திலேயே இருக்கிறது: எல்லோருக்கும் சொந்தமான இடத்திலிருந்து.

ஆனால் அதைக் கட்டிய விதம் புதிது. சின்னத்தில் 45 துண்டுகள், மூன்றே வகை: சதுரம், கொஞ்சம் நீண்ட செவ்வகம், மெலிந்த செவ்வகம். ஒரே பக்க நீளமுள்ள மூன்று வகைச் சாய்சதுரங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் பக்க நடுப்புள்ளிகளையும் இணைத்தால் இந்தத் துண்டுகள் கிடைக்கும். அதனால்தான் மூன்று வகைக்கும் மூலைவிட்டத்தின் நீளம் ஒன்றே. பக்கத்துத் துண்டுகள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. இதே 45 துண்டுகளை இடம் மாற்றி அடுக்கினால் பாராலிம்பிக் சின்னம். ஒலிம்பிக்குக்கு மூடிய வளையம், பாராலிம்பிக்குக்கு மேலே திறந்த வளையம்.

குறியீட்டு விளக்கத்தில் இங்கேயும் பன்மைத்துவம்தான் சொன்னார்கள்: வெவ்வேறு வடிவங்கள் சேர்ந்து ஒன்றாகின்றன என்று. முதல் சின்னத்தில் கறுப்பைக் காட்டிச் சொன்ன அதே கருத்து. அங்கே அதை நம்ப வேண்டியிருந்தது, இங்கே எண்ணிப் பார்க்கலாம். இரண்டு போட்டிக்கும் சமமதிப்பு என்பதையும் சமக்குறி போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, 45க்கு 45. கணித ஆர்வலர்கள் துண்டுகளை வெட்டி வேறு எப்படியெல்லாம் அடுக்கலாம் என்று பார்க்கத் தொடங்கியது எந்த விளம்பரத்தாலும் கிடைக்காத பாராட்டு.

குறையும் உண்டு. செர்ரி வளையத்தை நேசித்தவர்களுக்கு இது மந்தமாகத் தெரிந்தது. சிறிய அளவில் மெல்லிய செவ்வகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. விளையாட்டின் வேகம் எதுவும் அதில் இல்லை. இவையெல்லாம் ரசனைப் புகார்கள். பத்தோடு பதினொன்றாகக் கரைந்துபோயின.

பின்விளைவு

2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் போட்டி ஓராண்டு தள்ளிப்போனது. பெயர் 'டோக்கியோ 2020' என்றே இருந்ததால் சின்னத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. 2021 ஜூலை 23 அன்று பார்வையாளர் இல்லாத அரங்கத்தின் மேல் 1,824 டிரோன்கள் அந்தக் கட்ட வளையத்தை வானத்தில் அமைத்து, பிறகு பூமி உருண்டையாக மாறின. துண்டுகளாகப் பிரிந்து சேரும் வடிவம் என்பதால் அது இயல்பாகவே பொருந்தியது. தூணும் மூலைத் துண்டும் கொண்ட பழைய சின்னத்தில் இது நடந்திருக்காது.

அடுத்து வந்த பாரிஸ் 2024 மக்கள் போட்டி வழியில் போகவில்லை. தொழில்முறை நிறுவனம் செய்த சின்னத்தை 2019 அக்டோபர் 21 அன்று வெளியிட்டது. பதக்கம், சுடர், பிரெஞ்சுக் குடியரசின் உருவமான மரியான் ஆகிய மூன்றும் ஒரே முகத்தில். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்கும் ஒரே வடிவம். முடி திருத்தும் நிலையத்தின் பலகை, ஜோடி தேடும் செயலி என்றெல்லாம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது, சின்னம் நின்றது. ஆகவே திறந்த போட்டிதான் ஒரே மருந்து என்று டோக்கியோவிலிருந்து முடிவுகட்ட முடியாது.

இனி மாற்ற வேண்டியவை

முதலில் டிரேட்மார்க் தேடல். அது வேண்டும், ஆனால் அதைத் தேடலின் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படத் தேடலும், வடிவமைப்புத் தொகுப்புகளையும் கண்காட்சிச் சுவரொட்டிகளையும் தெரிந்த சிலரின் நினைவும் அதோடு சேர வேண்டும். பதிவாகாத லோகோ சட்டத்தில் பலவீனமானது, செய்தியில் பலவீனமானது இல்லை. ஒற்றுமை கிடைத்தால் உடனே கைவிட வேண்டும் என்றும் இல்லை. வெளியிடும் அன்றே 'இதை ஒத்த வடிவங்கள் இவை, வேறுபாடு இது' என்று தாங்களே சொல்லிவிட்டால், பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் வெடிகுண்டாகாது.

திருத்தம் வந்தால் தேர்வும் திரும்ப நடக்க வேண்டும். ஒரு துண்டை இடம் மாற்றினாலே வேறு சின்னம். டோக்கியோவில் முக்கோணம் வளைந்ததுதான் முழு விவகாரத்துக்கும் காரணம். திருத்திய வடிவத்தை அதே தேர்வாளர்கள் மீண்டும் ஏற்க வேண்டும், புதிதாகத் தேடல் நடக்க வேண்டும், படிநிலைகள் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவு முதல் நாளிலேயே கையில் இருந்திருந்தால் ஆகஸ்ட் 5 அன்றே காட்டியிருக்கலாம். 23 நாள் கழித்துக் காட்டியபோது ஒளித்து வைத்ததுபோல் தெரிந்தது.

போட்டிக்கு அனுப்பும் மாதிரிப் படங்கள் உட்பட அத்தனைக்கும் உரிமை இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அறைக்குள் மட்டும் இருக்கும் ஆவணம் என்று இப்போது எதுவும் இல்லை.

தேர்வு முறையைப் பொறுத்தவரை, யார் கலந்துகொள்ளலாம் என்பதைவிட யாருக்கு முன்கூட்டியே அழைப்பு போனது, யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை வெளியே சொல்வது முக்கியம். 104 பேர் கொண்ட போட்டியையும் நேர்மையாக நடத்தலாம், 14,599 பேர் கொண்டதிலும் சந்தேகம் வரலாம். நான்கு இறுதி வடிவங்களில் ஒன்று மட்டும் ஒற்றை நிறத்தில் இருந்தபோது வந்ததே.

கடைசியாக, வடிவமைப்பாளரின் பாதுகாப்பு. பைகளின் விஷயத்தில் அவர் அலுவலகத்தின்மேல் தவறு இருந்தது, அதற்கு அவர் பதில் சொன்னார். அதற்காக வீட்டாரின் படங்களை ஊர் முழுக்கப் பரப்பியதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. தேசத்தின் சின்னத்தை வரையச் சொன்ன அமைப்பிடம், வரைந்தவர்மீது கூட்டம் பாய்ந்தால் என்ன செய்வது என்ற திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. கேள்விகளுக்குக் குழுவின் சார்பில் யார் பேசுவார், மிரட்டல் வந்தால் போலீஸில் யார் புகார் கொடுப்பார், ஊழியர்களுக்கு யார் துணை நிற்பார் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.